தண்ணீரில் பிறந்த இலை

"என் கையில ஏதோ கோளாறு இருக்கு டீச்சர்," என்றார் தணிகாசலம். "நான் செஞ்சது எதுவும் மறுநாள் காலையில இருக்கறதில்ல."

ரெஜினா டீச்சர் மீன்தொட்டிக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை பண்றீங்கண்ணா?"

"கல்யாண ஸ்டேஜ் டெக்கரேஷன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணம் முடிஞ்சா பிரிச்சுத்தானே ஆகணும்?"

"அதேதான்! நானும் அதைத்தான் சொல்றேன்!" தணிகாசலம் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "சாயந்தரம் ஊரே நின்னு போட்டோ எடுக்குது. விடிஞ்சா குப்பை லாரி வருது. ரோஜா, ஆர்க்கிட், சம்பங்கி, அத்தனையும் மூட்டையா கட்டி ஏத்தறாங்க. இத்தனை வருஷத்துல நான் போட்ட ஸ்டேஜ் ஒண்ணுகூட இந்த உலகத்துல இல்ல. யோசிச்சுப் பாருங்க, ஒண்ணுகூட!"

"சரி."

"ஒண்ணே ஒண்ணு. என் கையால வெச்சது, காலையில எந்திரிச்சுப் பாத்தா இருக்கணும். நேத்தைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கணும். செத்துப் போறதுக்குள்ள அதைப் பாத்துடணும் டீச்சர்."

சொல்லிவிட்டு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று அழுவதும் சட்டென்று சிரிப்பதும் அவர் சுபாவம்.

அவர் இங்கே வந்து சேர்ந்த கதை சின்னதுதான். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். மேடையைப் பிரித்துப் போட்டுவிட்டு, விடிகாலையில் மண்டபத்து வாசல் பக்கம் வந்தார். அங்கே ஒரு மீன்தொட்டி. நடுவில் அகல அகலமான இலைகளோடு ஒரு செடி, தண்ணீருக்குள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மேடை மொட்டையாகக் கிடக்கிறது. இங்கே இது, யாருக்கும் எதுவும் நடக்காத மாதிரி நிற்கிறது. அவருக்குப் பொறாமை வந்துவிட்டது. செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

யார் வைத்தது என்று கேட்டார். கொளத்தூர் ரெஜினா டீச்சர் என்றார்கள்.

ரெஜினா டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. தண்ணீருக்குள் செடி வளர்க்கக் கற்றுக்கொடுப்பவர். தணிகாசலத்தைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்வார். அவர் தேறிப் போனால்தான் அடுத்தவர். தேறாமல் ஓடிப் போனவர்கள்தான் அதிகம் என்று கொளத்தூரில் பேச்சு.

இப்போது இடம் காலியாக இருந்தது.

"என்னைச் சேத்துக்கங்க டீச்சர். இது ஆடி மாசம். ஒரு முகூர்த்தம் கிடையாது, எனக்கு வேலையே கிடையாது. ஆவணி பிறந்துட்டா மூச்சு விட நேரமிருக்காது."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பெரிய தொட்டி ஒன்றின் நடுவில், மண்டபத்தில் பார்த்த அதே செடி. கடைகளில் அமேசான் சோர்டு என்பார்கள். இலை வாள் மாதிரி இருப்பதால் டீச்சர் வாள்செடி என்றே சொல்வார். அதன் நடுவிலிருந்து நீளமாக ஒரு தண்டு கிளம்பி, தண்ணீர் மட்டத்தில் வளைந்து கிடந்தது. தண்டில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் குட்டிக் குட்டிச் செடிகள்.

"குட்டி போட்டிருக்கு!" தணிகாசலம் துள்ளிவிட்டார். "ஒண்ணு குடுங்க டீச்சர், இதையே கொண்டுபோய் வளக்கறேன்."

சுவரில் ஓர் ஆணியில் நீளமான கத்தரிக்கோல் தொங்கியது. அவர் கை தானாக அதை நோக்கிப் போனது. காலமெல்லாம் பூ வெட்டிய கை அல்லவா?

"அதைத் தொடாதீங்கண்ணா."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

"அதுங்களுக்கு இன்னும் வேர் வரல."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"கடையில ஒரு வாள்செடி வாங்கி நடுங்க. உங்க தொட்டியில பொறந்த இலை ஒண்ணு கொண்டு வாங்க. போட்டோ வேண்டாம். இலை."

"ஒரு இலையா?"

"ஒண்ணு போதும். ஆடி முடியறதுக்குள்ள வந்தா இடம் உங்களுக்கு. ஆவணி பிறந்தா வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன். நாலு பேர் கேட்டுட்டிருக்காங்க."

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். டன் கணக்கில் இலையும் பூவும் ஏற்றி இறக்கியவரிடம் ஒரே ஒரு இலை கேட்டால் சிரிப்பு வராதா?

*

அன்று சாயந்தரமே பெரம்பூரில் அவர் வீட்டுக் கூடத்தில் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

சும்மா உட்காரவில்லை. தொட்டிக்குப் பின்னால் நீலத் துணியில் மடிப்பு மடிப்பாகத் திரை. மேலே சீரியல் பல்பு. வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, நடுவில் கடையிலேயே பெரிய செடியாகப் பார்த்து வாங்கி, சாயாமல் நிற்கக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நட்டார். பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துவிடலாம்.

"ஏங்க, மீன் எப்போ வருது? மேளம் சொல்லிட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி கற்பகம்.

அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து ஓடினார். செடி இருந்தது! அப்படியே, பச்சைப் பசேலென்று இருந்தது! இருப்பதிலேயே பெரிய இலையை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொளத்தூருக்கு வண்டியை விட்டார்.

"டீச்சர்! கொண்டாந்துட்டேன்!"

டீச்சர் முதலில் பார்த்தது இலையை அல்ல, அவர் சட்டையின் வலது கையை. தோள் வரை சொதசொதவென்று நனைந்திருந்தது.

பிறகு இலையை வாங்கி, காம்பின் அடியைப் பிடித்து நிமிர்த்தினார். இலை விறைப்பாக நின்றது.

"நல்ல இலை," என்றார் டீச்சர். "காத்துல பொறந்தது."

"ஐயோ, முருகன் மேல சத்தியமா என் தொட்டியிலேருந்துதான் வெட்டினேன்!"

"உங்க தொட்டியில இருந்தது. உங்க தொட்டியில பொறக்கல."

டீச்சர் அவரை மாடியின் மறுபக்கம் கூட்டிப் போனார். அங்கே தட்டுத் தட்டாக அதே வாள்செடி. வேர் மட்டும் ஈரத்தில். இலைகள் எல்லாம் வெளியே, வெயிலில், காற்றில், நிமிர்ந்து நின்றன.

"கடைக்குப் போற செடியெல்லாம் இப்படித்தான் வளருது."

"அப்ப இதைத் தண்ணிக்குள்ள முக்கிட்டா?"

 "எவ்வளவு ஆழமா நட்டிருக்கீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"நல்லா அழுத்தி நட்டிருக்கேன். புயல் அடிச்சாலும் சாயாது."

டீச்சர் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. துண்டு தாடையை மூடியது, வாயை மூடியது, மூக்கையும் மூடியது.

"ம்ம்! ம்ம்ம்!" தணிகாசலம் கையை உதறினார். "டீச்சர், மூச்சு!"

டீச்சர் துண்டைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டார்.

தணிகாசலம் ஒரு பெரிய மூச்சு வாங்கினார். டீச்சரைப் பார்த்தார். துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயையோ!" என்று கத்திக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். துண்டு கழுத்தில் சுற்றியபடியே இருந்தது. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

*

வேரும் இலையும் சேருகிற கழுத்துப் பகுதி வெளியே தெரிகிற மாதிரி செடியைத் தூக்கி நட்டார். இனி என்ன, இலை வரவேண்டியதுதான் பாக்கி.

வரவில்லை. இருந்ததும் போக ஆரம்பித்தது.

முதலில் ஓர் இலை கண்ணாடி மாதிரி ஆனது. அப்புறம் ஓட்டை விழுந்தது. அப்புறம் அடுத்த இலை. ஓரமெல்லாம் பழுப்பு, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. 

அவர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாடின பூ விருந்தாளி கண்ணில் படக்கூடாது. பட்டுவிட்டால் பேர் கெட்டுப் போகும். அதற்காகவே ரிசப்ஷன் முடிகிற வரைக்கும் ஒரு வாளி புதுப்பூவோடு மேடைக்குப் பின்னால் ஆள் நிற்பார். ஓர் இதழ் சுருங்கினால் போதும், கண்ணிமைக்கிற நேரத்தில் பூ மாறிவிடும்.

அதைத்தான் செய்தார். வாடின செடியைப் பிடுங்கிக் கொல்லைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுச்செடி வாங்கி நட்டார்.

அதுவும் வாடியது. பிடுங்கினார். மூன்றாவது நட்டார்.

மூன்றாவதை நிம்மதியாக விட்டாரா என்றால் அதுவும் இல்லை. இடப்பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று வலப்பக்கம் மாற்றினார். வலப்பக்கம் பார்க்க எடுப்பாக இல்லை என்று நடுவுக்குக் கொண்டு வந்தார். விடிந்தால் எழுந்ததும் முதல் வேலை, செடியை மெல்லத் தூக்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது. கை துறுதுறுவென்று இருந்தது.

"நம்மளும் வாடகை வீட்டுல இருந்திருக்கோம்," என்றாள் கற்பகம். "இப்படி தினம் ஒரு வீடு மாறல."

*

"கடைக்காரன் ஏமாத்தறான் டீச்சர்! மூணு செடி! மூணும் அழுகுது! ஆடி பாதி போயிடுச்சு!"

டீச்சர் அவர் சட்டைக்கையைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கண்ணா. டீ சாப்பிடலாம்."

தணிகாசலம் உட்கார்ந்தார். டீ வந்தது. ஆவி பறக்க, ஏலக்காய் வாசனையோடு. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அந்தச் சேர் வேண்டாம்ணா, இங்க வாங்க. இங்க காத்து வரும்."

எழுந்து போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். தம்ளரைத் தூக்கினார்.

"அங்க வெயில் படுது. இதுல உக்காருங்க."

எழுந்தார். உட்கார்ந்தார். தூக்கினார்.

"கொஞ்சம் எந்திரிங்க. நேராத்தான் உக்காந்திருக்கீங்களான்னு பாக்கணும்."

எழுந்தார். டீ தளும்பிக் கையில் கொட்டியது.

"அந்த மூலைதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்ணா."

"டீச்சர்!" தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வாய் டீ குடிக்க விடுவீங்களா மாட்டீங்களா? மனுஷனை ஒரு இடத்துல உக்கார விட்டாத்தானே குடிக்க முடியும்!"

 அவர் சட்டைக்கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். அடுத்த சொட்டு விழுந்தது. அதையும் பார்த்தார்.

தணிகாசலமும் பார்த்தார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பாவி நான்," என்றார். "வேரைத் தினமும் எடுத்து எடுத்துப் பாத்தேன் டீச்சர்."

"வாடினதையெல்லாம் என்ன பண்ணினீங்க?"

"குப்பையில போட்டேன். வாடினதை எப்படி டீச்சர் வெச்சுக்கறது? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"யாரு பாக்கறா?"

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார்.  அவர் வீட்டுக் கூடத்துத் தொட்டியை அவரையும் கற்பகத்தையும் தவிர இதுவரை யாரும் பார்த்ததில்லை.

டீச்சர் உள்ளே போய் ஒரு களிமண் உருண்டை கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "உரம். கல்லுக்கு அடியில, அது காலடியில வைங்க."

"எந்தச் செடிக்கு?"

டீச்சர் டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

வீட்டுக்கு வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்பையைக் கிளறினார்.

"ஏங்க, என்ன தொலைச்சீங்க?"

"செடி."

"அதான் உள்ள ஒண்ணு இருக்கே."

"முதல்ல நட்டது. அதைத் தேடறேன். அழுகினது காத்துல பொறந்த இலைதான், கழுத்து இன்னும் இருக்கும்."

அடியில், போன வாரத்து மழை ஈரத்தில் கிடந்தது. செடி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓர் இலை இல்லை. கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கழுத்து, அதிலிருந்து நாலு வேர். உயிர் இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவர் அதைக் குழாயடியில் கழுவினார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதத்தில் கழுவினார்.

தொட்டியில் மிச்சமிருந்த மூன்றாவது செடியைக் கொல்லையில் ஒரு வாளித் தண்ணீரில் விட்டார். சீரியல் பல்பைக் கழற்றினார். நீலத் திரையை மடித்து வைத்தார். களிமண் உருண்டையைக் கல்லுக்கு அடியில் புதைத்து, அந்த மொட்டைக் கட்டையை நட்டார். கழுத்து வெளியே.

அப்புறம் கையை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். தினமும் எழுந்ததும் தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார். கை போகப் பார்க்கும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வெறும் தண்ணியை என்னங்க பாக்கறீங்க?"

"வெறும் தண்ணி இல்ல."

"எனக்கு ஒரு கட்டைதான் தெரியுது."

"எனக்கும் அதான் தெரியுது," என்றார் தணிகாசலம். பொய் சொல்வானேன்?

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. தெருப் பெண்களைக் கூழ் குடிக்கக் கூப்பிட்டிருந்தாள் கற்பகம். காலையிலேயே குடோனைத் திறந்து, மேடை வேலைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் செடிகளில் ஒரு கை அள்ளிக் கொண்டுவந்தாள். பச்சை, சிவப்பு, பளபளவென்று.

"ஏங்க, நாலு பேர் வர்ற நேரம். கூடத்து நடுவுல இதைப் பாத்தா சிரிப்பாங்க. இதுல ரெண்டைச் சொருகுங்க. நாளைக்கு எடுத்துடலாம்."

தணிகாசலம் பிளாஸ்டிக் செடியைக் கையில் வாங்கினார். நல்ல செடி. அவரே சவுகார்பேட்டையில் பொறுக்கி வாங்கியது. கையில் எடுத்ததுமே எது முன்னால் எது பின்னால் என்று மனசுக்குள் அலங்காரம் முடிந்துவிட்டது. விரல்கள் பரபரத்தன. இரண்டு நிமிஷ வேலை.

"வேண்டாம்."

"சிரிப்பாங்கங்க."

"சிரிக்கட்டும்."

சிரித்தார்கள். கூழ்க் கிண்ணத்தோடு தொட்டியைச் சுற்றி நின்று, "என்னண்ணா, ஊருக்கெல்லாம் அலங்காரம், உங்க வீட்டுல மொட்டைக் கட்டையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். தணிகாசலமும் கூடவே சிரித்து, அவர்களுக்குக் காட்டுவதற்காகக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"கற்பகம்."

"என்னங்க?"

"கற்பகம், இங்க வா. கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு வா."

கட்டையின் நடுவில், இரண்டு பழுப்புத் தோலுக்கு இடையில், பச்சையாக ஒரு முனை. ஊசி முனைதான். அதற்கு மேல் இல்லை.

"வந்துடுச்சு!" அவர் போட்ட சத்தத்தில் ஒரு பெண்ணின் கூழ் தளும்பியது. "வந்துடுச்சுடி! பாருங்கம்மா, எல்லாரும் பாருங்க! தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா பாருங்க!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கச் சொன்னால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணா, தெரியுது தெரியுது," என்றார்கள்.

*

முனை நாளுக்கு நாள் நீண்டது. சுருட்டிய பாய் மெதுவாக விரிகிற மாதிரி விரிந்தது.

கடையில் வாங்கிய இலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது தடிமன், இது மெல்லிசு. அது அகலம், இது ஒடுங்கி நீண்டது. காலையில் ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. நரம்பு நரம்பாகத் தெரிந்தது. தண்ணீர் அசைந்த பக்கமெல்லாம் அதுவும் அசைந்தது.

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைச் சிலிண்டரோடு நிறுத்தி வைத்துக் காட்டினார். ஒவ்வொரு நாளும் எழுந்து ஓடினார். இருந்தது! நேற்றைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தது!

ஆடிக் கடைசி நாள்.

"கிளம்பலையா?" என்றாள் கற்பகம். "நாளைக்குப் போனா இடம் போயிடும்னீங்களே. வெட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

"இதோ."

குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பூ வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் வந்து நின்றார். அந்தக் கத்தரி எத்தனை லட்சம் காம்பை வெட்டியிருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒன்றையாவது வெட்டுவதற்கு முன்னால் யோசித்திருப்பாரா?

கத்தரி தண்ணீருக்கு மேலே வந்து நின்றது.

இலை அசைந்தது.

கற்பகம் அடுப்படியிலிருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தரம் வந்தபோது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"வெட்டியாச்சா?"

"இல்ல."

"இல்லையா? அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"காத்திருப்பாங்க. நான் சேரலன்னு போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

கற்பகம் என்னவோ சொல்ல வந்தாள். கூடத்துக்குப் போனாள், தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். கத்தரியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

*

டீச்சர் வீட்டு மாடிப்படியைத் தணிகாசலம் நின்று நின்று ஏறினார். கிடைத்திருக்க வேண்டிய இடம். கையில் இருந்த இடம். துக்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

டீச்சர் பெரிய தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. இலை?"

"கொண்டு வரல டீச்சர்."

"பொறக்கலையா?"

"பொறந்துடுச்சு!" துக்கம் எங்கே போனதோ, முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "பொறந்துடுச்சு டீச்சர்! குப்பையிலேருந்து எடுத்து வெச்சேன், அந்த முதல் செடியிலதான். இவ்ளோ நீளம். மெல்லிசா, உள்ள வெளிச்சம் போற மாதிரி..." கையை விரித்துக் காட்டினார். விரித்த கையைத் தானே பார்த்துவிட்டுக் கொஞ்சம் குறைத்துக் காட்டினார்.

"வெட்டலையா?"

"கத்தரி எடுத்தேன். முடியல." அவர் குரல் இறங்கியது. "ஒண்ணுதான் இருக்கு. அந்தச் செடிக்கு அது ஒண்ணுதான் இருக்கு டீச்சர். அதை வெச்சுத்தான் அது இனிமே எல்லாம் பண்ணணும். அப்புறம், வெட்டினாலும் நீங்க புடிச்சுப் பாத்தா நிக்காது. தண்ணிக்கு வெளிய எடுத்தா துவண்டு விழுந்துடும், பாத்தாலே தெரியுது. அதைத் தாங்கறது தண்ணிதான்."

டீச்சர் அவர் சட்டையின் வலது கையைப் பார்த்தார்.

காய்ந்திருந்தது. இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இடத்தை அவங்க நாலு பேர்ல யாருக்காவது குடுத்துடுங்க டீச்சர். எனக்கு வருத்தம் இல்ல. இருக்கு, கொஞ்சம் இருக்கு. பரவால்ல. நான் வரேன். நாளைக்கு ஆவணி, வேலை ஆரம்பிக்குது. அதுக்குள்ள போய் இன்னிக்கு சாயந்தரம் பூரா அது முன்னால உக்காரணும்."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"இருங்கண்ணா."

தணிகாசலம் நின்றார்.

பெரிய தொட்டியில், வளைந்து கிடந்த தண்டின் குட்டிச் செடிகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர்கள் தொங்கின. விரல் நீளம் இருக்கும்.

டீச்சர் சுவருக்குப் போனார். ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். முனையைத் தன் பக்கமும் பிடியை அவர் பக்கமுமாகத் திருப்பி நீட்டினார்.

"சட்டைக்கையை மடிச்சு விட்டுக்கங்கண்ணா."